பேனரில் இருக்கும் உங்கள் முகமே சாட்சி

வாசகர் கடிதம்:

வணக்கம் மேடம். எனக்கு வயது 27, ஊர் கடலூர் முதுநகர். எமர்ஜென்சி டெக்னீஷியன் டிப்ளமோ முடித்துவிட்டு மூன்று வருடமாகப் புதுச்சேரியில் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 14,000 என்று பேசினார்கள். அப்பாயின்ட்மென்ட் லெட்டர் தரவில்லை. 24 மணி நேரம் டியூட்டி, 24 மணி நேரம் ஓய்வு என்பது பேச்சு. மாற்று ஆள் வராவிட்டால் 48 மணி நேரமும் வண்டியிலேயே கிடக்க வேண்டியதுதான். சம்பளம் 20 தேதிக்கு மேல் இரண்டு தவணையாக வரும். போன மாதம் ஸ்ட்ரெச்சர் சக்கரம் உடைந்ததற்கு 6,000 பிடித்தார்கள். யூனிஃபார்ம் கசங்கியிருந்தது என்று 500. பிஎஃப், இஎஸ்ஐ கேட்டால் "நீ ட்ரிப் ஆளு, ஸ்டாஃப் இல்ல" என்கிறார் மேனேஜர். என் அசல் சர்டிஃபிகேட்டும் அவர்களிடம்தான் இருக்கிறது.

ஆனால் வெளியில் எங்கள் கம்பெனிக்கு ரொம்ப நல்ல பெயர். வாரம் இரண்டு ரீல்ஸ் போடுகிறார்கள். கடலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பெரிய பேனர். அதில் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நிற்பது நான்தான். கீழே "பயிற்சி பெற்ற எங்கள் 45 பேர் குழு, உங்களுக்காக 24 மணி நேரமும்" என்று இருக்கும். அதே படம் போட்ட நோட்டீஸை அம்மா பீரோவில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். சம்பளம் ஒழுங்காக வராதது அவருக்குத் தெரியாது.

வரும் சனிக்கிழமை ஒரு வீடியோ எடுக்கிறார்கள். "இங்க எட்டு மணி நேரம்தான் வேலை, பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் இருக்கு, எல்லா வண்டியிலயும் வென்டிலேட்டர் இருக்கு, முதலாளி எங்கள சொந்தப் பிள்ளையா பாத்துக்கறாரு" என்று நான் பேச வேண்டுமாம். தாளில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். உண்மையில் 12 வண்டியில் இரண்டில்தான் வென்டிலேட்டர். பேசினால் பாக்கிச் சம்பளம் உடனே கிடைக்கும் என்கிறார்கள். பேசட்டுமா? இல்லை, எல்லாவற்றையும் நானே வீடியோ போட்டு உடைத்துவிடட்டுமா? வேலையை விட்டால் நோயாளிகளைக் கைவிட்ட மாதிரி ஆகுமோ என்றும் மனசு உறுத்துகிறது.

பதில்:

அன்புள்ள தம்பி,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வீடியோவில் பேசாதீர்கள். நீங்களாக ஒரு வீடியோ எடுத்தும் போடாதீர்கள். கோபத்தில் இந்த வாரமே வேலையை விடவும் வேண்டாம். மூன்றுக்கும் காரணம் இருக்கிறது, வருகிறேன்.

நான் கடலூரில் 23 வருடமாகத் தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் வக்கீல். ஆனால் உங்கள் கடிதத்தை வக்கீலாக மட்டும் படிக்க என்னால் முடியவில்லை. 2017-இல் ஒரு இரவு என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. தனியார் ஆம்புலன்ஸில் ஜிப்மருக்குக் கிளம்பினோம். மஞ்சக்குப்பத்தில் ஏறும்போது மணி ஒன்றரை. பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி ரெட்டிச்சாவடி வரும்வரை அம்மாவின் முகத்தைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் உங்கள் வயதுப் பையன் ஒருவனைக் கவனித்தேன். ஒரு கையால் ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடித்தபடி, முன்சீட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டே வந்தான். "அண்ணே, இப்ப என்ன ஊரு போவுது? அண்ணே, அந்தக் கடைப் பேரு என்னா, படிங்க." எனக்கு ஆத்திரமாக வந்தது. இங்கே ஒரு உயிர் கிடக்கிறது, இவன் கடைப் பெயர் கேட்டுக்கொண்டு வருகிறானே என்று. கிருமாம்பாக்கம் தாண்டியதும் வண்டி மெல்ல இடப்பக்கம் மண்ணில் இறங்கியது. "அண்ணே!" என்று பையன் போட்ட கூச்சலில் மறுபடி தார் ஏறியது. ஓட்டுநரைத் தூங்கவிடாமல்தான் அவன் அவ்வளவு நேரமும் பேசிக்கொண்டு வந்திருக்கிறான். தவளக்குப்பத்தில் நிறுத்தி, ஓட்டுநர் இறங்கி, ஒரு பாட்டில் தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டார். காலர் வழியாகத் தண்ணீர் முதுகில் இறங்க இறங்க, மறுபடி ஏறி உட்கார்ந்து ஓட்டினார்.

அம்மா பிழைத்துக்கொண்டார். மறுநாள் நான் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு, வக்கீல் என்று சொல்லிக்கொண்டு, ஓட்டுநர் மேல் புகார் கொடுத்தேன். உடனே நடவடிக்கை எடுத்தார்கள். ஓட்டுநருக்கு இரண்டு நாள் சம்பளம் வெட்டு. ஒரு வாரம் கழித்து அந்தப் பையன் சொல்லித்தான் எனக்கு மிச்சமும் தெரிந்தது. அவர் முந்தின நாள் காலை ஆறு மணிக்கு வண்டியில் உட்கார்ந்தவர். நடுவில் ஒரு கேஸை சென்னையில் இறக்கிவிட்டுத் திரும்பியிருக்கிறார். "அந்த மனுஷரை எத்தனை மணி நேரமாக ஓட்ட வைத்தீர்கள்?" என்று நான் கம்பெனியைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் ஓட்டுநரைக் காட்டிக்கொடுத்தேன். அந்த இரண்டு நாள் சம்பளம் இன்றும் என் நெஞ்சில் கிடக்கிறது.

1997-இல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடைய அளவுக்குத் தடுமாறுகிறது. 24 மணி நேரமானால் அது 0.10 சதவீதத்துக்குச் சமம். நம் மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம் தாண்டினாலே குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு. புதுச்சேரி எல்லையில் நிறுத்தி ஊதச் சொல்கிறார்களே, அந்தக் கருவி தூக்கத்தைக் காட்டாது. அதனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 48 மணி நேரம் உங்கள் சொந்தக் கஷ்டம் மட்டும் கிடையாது, பின்னால் படுத்திருப்பவரின் உயிரோடு சம்பந்தப்பட்டது. எந்த அலுவலகத்தில் மனு கொடுத்தாலும் இதையும் சேர்த்தே எழுதுங்கள். "எனக்குச் சம்பளம் வரவில்லை" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது உங்கள் மேனேஜரின் வார்த்தைக்கு வருவோம். "நீ ட்ரிப் ஆளு, ஸ்டாஃப் இல்ல." உங்கள் பிரச்சினை முழுவதும் இந்த ஒரு வரியில்தான் தொங்குகிறது. நீங்கள் ஊழியர் இல்லை என்றால் பிஎஃப் இல்லை, இஎஸ்ஐ இல்லை, சம்பளத் தேதி என்று ஒன்று இல்லை. லெட்டர் கொடுக்காமல் விட்டது மறதியால் இல்லை. இந்த மாதிரி வழக்குகளில் முதல் வேலை இரண்டை நிரூபிப்பது. ஒன்று, நீங்கள் அங்கே ஊழியர். இரண்டு, அங்கே எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள். 10 பேர் இருந்தால் இஎஸ்ஐ வந்துவிடும், 20 பேர் இருந்தால் பிஎஃப் வந்துவிடும். சாதாரணமாக இந்த எண்ணிக்கையை நிரூபிக்க நாங்கள் படாத பாடு படுவோம். கூட வேலை செய்பவர்கள் சாட்சி சொல்லப் பயப்படுவார்கள், வருகைப் பதிவேட்டில் எட்டுப் பேர்தான் இருப்பார்கள்.

உங்கள் விஷயத்தில் கம்பெனியே அதைப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. "எங்கள் 45 பேர் குழு." நடுவில் யூனிஃபார்மில் உங்கள் படம். நீங்கள் ஊழியர் இல்லையென்றால் "எங்கள்" என்பது யார்? 45 என்பது எங்கிருந்து வந்தது? விளம்பரத்தில் ஒன்று, அரசாங்கத்திடம் ஒன்று என்று இரண்டு கணக்கு இருந்தால் எது பொய் என்பதை அவர்கள்தான் விளக்க வேண்டும். உங்களுக்கு வெட்கமாகத் தெரிகிற அந்தப் பேனர், என் மேஜைக்கு வந்தால் முதல் ஆவணம்.

ஆகவே நாளைக்கே போய் அதைப் படம் எடுங்கள். தூரத்திலிருந்து ஒன்று, எந்த இடம் என்று தெரிகிற மாதிரி. பக்கத்திலிருந்து ஒன்று, எழுத்து படிக்கிற மாதிரி. ரீல்ஸ்களை, கணக்கின் பெயரும் தேதியும் தெரிய, ஸ்கிரீன் ரெக்கார்டு செய்யுங்கள். சண்டை என்று வந்தால் முதலில் அழிவது இவைதான். பேனர் ஒன்றே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். டியூட்டி போடும் வாட்ஸ்அப் குரூப், "எங்க இருக்க, லொகேஷன் அனுப்பு" என்ற மெசேஜ்கள், தவணை தவணையாக வந்த சம்பளத்தின் ஜிபே, பேங்க் வரவுகள், ஐடி கார்டு, நீங்கள் கையெழுத்துப் போட்ட ட்ரிப் ஷீட், எல்லாம் சேர்ந்தால்தான் கட்டு ஆகும். என்ன கோபம் வந்தாலும் அந்த வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியே வராதீர்கள். வழக்கு முடியும்வரை இந்த போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள், அசல் கருவியைக் காட்ட வேண்டி வரும். ட்ரிப் ஷீட்டைப் படம் எடுக்கும்போது நோயாளியின் பெயரையும் நோயையும் மறைத்துவிடுங்கள். அவர்கள் உங்களை நம்பி ஏறியவர்கள்.

அடுத்து கணக்கு. நீங்கள் சொன்னதை வைத்து ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். ஒன்றுவிட்டு ஒரு நாள் 24 மணி நேரம் என்றால் மாதம் 360 மணி நேரம். ஒரு நாளைக்கு 8 மணி வீதம் 26 நாள் வேலை செய்கிறவருக்கு 208 மணி நேரம்தான். உங்கள் 14,000-ஐ 360-ஆல் வகுத்தால் மணிக்கு 39 ரூபாய்கூட வரவில்லை. 48 மணி நேர டியூட்டிகளை நான் இதில் சேர்க்கவே இல்லை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றின்படி ஊழியருக்கு நியமனக் கடிதம் கொடுத்தே ஆக வேண்டும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7 தேதிக்குள் வர வேண்டும். பிடித்தம் எல்லாம் சேர்ந்தாலும் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அபராதம் என்றால் 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அதுவும் உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகு. 14,000-க்கு 3 சதவீதம் 420 ரூபாய். கசங்கிய யூனிஃபார்முக்குப் பிடித்த 500 அங்கேயே அடிபட்டுப் போகிறது. ஸ்ட்ரெச்சர் சக்கரத்துக்கு 6,000 பிடித்தார்களே, உங்கள் அலட்சியத்தால் நேரடியாக உடைந்தது என்று காட்ட வேண்டும், உங்களிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். தினமும் எத்தனை நோயாளியைத் தாங்கிய சக்கரம் அது? தேய்மானத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை. சம்பளம் கொடுக்கவில்லை என்று நீங்கள் மனு போட்டால், கொடுத்தோம் என்று நிரூபிக்கும் பாரம் முதலாளி மேல்தான். மூன்று வருடத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும். உங்களுக்கு இப்போதே மூன்று வருடம் ஆகிவிட்டது, தள்ளிப்போடாதீர்கள்.

வேலை நேரத்தில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1961-இல் வந்து, இப்போது அந்தப் புதிய தொகுப்புகளில் அடங்கிவிட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம்தான் ஓட்டுநர்களுக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பைக் கொண்டுவந்தது. அதே சட்டம், நோயுற்றவர்களையும் காயம்பட்டவர்களையும் ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கு இது பொருந்தாது என்று விலக்கும் வைத்தது. உயிர் காக்கும் அவசரத்தில் மணி பார்க்கக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் வைத்த விலக்காக இருக்கலாம். கம்பெனிகள் அதை எடுத்து "ஆம்புலன்ஸுக்கு டைம் கிடையாது" என்று ஆக்கிக்கொண்டன. உங்கள் கம்பெனி வக்கீலும் இதைத்தான் முதலில் நீட்டுவார். அது அந்த ஒரு சட்டத்திலிருந்து கொடுத்த விலக்கு. சம்பளத்திலிருந்தோ இஎஸ்ஐயிலிருந்தோ யாரும் அவர்களுக்கு விலக்குக் கொடுக்கவில்லை. கூடுதல் நேரத்துக்கு இரண்டு மடங்கு கேட்டு மனு போடுவோம், அதில் வாதம் நீளும். சம்பளப் பாக்கியும் பிடித்தமும் சீக்கிரம் தீரும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இஎஸ்ஐயைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், 105 ரூபாய். கம்பெனியின் பங்கு 3.25 சதவீதம், 455 ரூபாய். இந்த 455 ரூபாயை மிச்சம் பிடிக்கத்தான் நீங்கள் "ட்ரிப் ஆளு" ஆனீர்கள். வேலையில் அடிபட்டுப் படுத்தால் சம்பளத்தில் 90 சதவீதம் இஎஸ்ஐ கொடுக்கும். இரவில் ஈசிஆரில் சைரன் போட்டுக்கொண்டு போகிற ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்கள் அம்மாவுக்குத் தெரிந்தால் அவரே வந்து சண்டை போடுவார்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டிருக்கிறார்களா? ஊசியும் ரத்தமும் தொடுகிறவர்களுக்கு அதைப் போட்டுவிட வேண்டியது முதலாளி பொறுப்பு, 2016-ஆம் வருட மருத்துவக் கழிவு விதிகளிலேயே இருக்கிறது. போடவில்லையென்றால் வழக்குக்கெல்லாம் காத்திருக்காமல் அரசு மருத்துவமனையில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். எப்போதாவது ஊசி குத்திவிட்டால் டெட்டால் போட்டுக் கழுவிவிட்டு அடுத்த ட்ரிப்புக்கு ஓடாதீர்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயன் இல்லை.

இனி அந்த வீடியோ. நீங்கள் சொல்ல வேண்டிய நான்கு வரியில் மூன்று உங்களைப் பற்றியது, ஒன்று நோயாளியைப் பற்றியது. "எல்லா வண்டியிலயும் வென்டிலேட்டர் இருக்கு." அதைக் கேட்டு நம்பி, நெய்வேலியிலிருந்து ஒரு குடும்பம் ஜிப்மருக்கு வண்டி கூப்பிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பத்து வண்டியில் ஒன்று போகிறது. வழி நெடுக, மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையைக் கையால் அழுத்திக்கொண்டே வரப்போவது யார்? நீங்கள்தான். அந்தப் பையில் கை வலித்து ஒரு நிமிடம் தாளம் தப்பினால் என்ன ஆகும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஏஐஎஸ் 125 தரநிலை ஆம்புலன்ஸை ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரித்திருக்கிறது. பி என்பது நோயாளியை ஏற்றி இறக்க மட்டும். சி அடிப்படை உயிர்காப்பு வண்டி, டி மேம்பட்ட உயிர்காப்பு வண்டி. பி வண்டிக்கு டி வண்டியின் வாடகை வாங்க வழி செய்கிற விளம்பரம், 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரம். முதல் முறைக்கு 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போட முடியும். விளம்பரத்தில் தோன்றிச் சான்று சொல்கிறவருக்கும் அந்தச் சட்டத்தில் பொறுப்பு உண்டு. 14,000 ரூபாய் ஊழியரைத் தேடி வந்து தண்டிப்பார்கள் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் நாளைக்கு நீங்கள் சம்பள வழக்குப் போடும்போது, "எட்டு மணி நேரம்தான் வேலை, பிஎஃப் எல்லாம் இருக்கு என்று இவரே சொல்லியிருக்கிறார்" என்று அந்த வீடியோவை ஓட்டிக் காட்டுவார்கள். பேனரில் உங்களுக்குக் கிடைத்த சாட்சியை வீடியோவில் நீங்களே அழித்துவிடுவீர்கள். பாக்கிச் சம்பளத்தோடு சேர்த்து அதையும் முடித்துவிடத்தான் அவர்கள் அவசரப்படுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

எப்படி மறுப்பது? சத்தம் போடாமல். "சார், என் வேலைய பத்தி எனக்குத் தெரிஞ்சத பேசறேன். மத்தத என்னால சொல்ல முடியாது." அவ்வளவுதான். வற்புறுத்தினால் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் மரியாதையாக ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள்: "சார், வேலை நேரம், பிஎஃப், இஎஸ்ஐ, வென்டிலேட்டர் பற்றி நீங்கள் எழுதிக் கொடுத்தது நடைமுறையில் இல்லாததால் பேச இயலவில்லை. என் பாக்கிச் சம்பளத்தை அளிக்கக் கேட்டுக்கொள்கிறேன்." சம்பளம் நீங்கள் செய்து முடித்த வேலைக்கு. வீடியோவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பது இந்த மெசேஜில் பதிவாகிவிடும். அவர்கள் எழுதிக் கொடுத்த தாளைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். யார் கையெழுத்து என்று தெரிந்தால் அதையும் குறித்து வையுங்கள். வீட்டில் அடுப்பு எரியாத நிலை என்றால் அதை நான் இங்கே உட்கார்ந்துகொண்டு லேசாகப் பேசக் கூடாது. அப்படியே கேமரா முன் நிற்க வேண்டி வந்தால், சிபிஆர் செய்வது எப்படி, மயங்கியவரை எப்படித் தூக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்த நிஜத்தைப் பேசுங்கள். அந்த நான்கு வரி மட்டும் உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம்.

நீங்களே உடைத்துப் பேசும் வீடியோ ஏன் வேண்டாம் என்கிறேன்? புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-ஆம் பிரிவு அவதூறு. உண்மையைப் பொதுநன்மைக்காகச் சொன்னால் குற்றமில்லை என்று விலக்கு இருக்கிறது. ஆனால் அந்த விலக்கை நீங்கள் நீதிமன்றத்தில் நின்று நிரூபிக்க வேண்டும், அதற்கு வருடக் கணக்கில் அலைய வேண்டும். அதைவிட முக்கியம், உங்கள் வீடியோ வந்த அன்று மாலையே பேனர் இறங்கிவிடும், ரீல்ஸ் மறைந்துவிடும், டியூட்டி குரூப் கலைந்துவிடும். ஆதாரம் அலுவலகத்துக்குப் போய்ச் சேருவதற்கு முன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

எந்த அலுவலகம் என்பதில் கடலூர்க்காரர்கள் அடிக்கடி அலைக்கழிகிறார்கள். வீடு இந்தப் பக்கம், வேலை அந்தப் பக்கம். "இது எங்க எல்லை இல்லை" என்று இரண்டு பக்கமும் அனுப்பிவிடுவார்கள். உங்கள் வேலை புதுச்சேரியில், கம்பெனியும் புதுச்சேரியில், எனவே சம்பளமும் பிடித்தமும் புதுச்சேரி தொழிலாளர் துறையில். பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் மத்திய அரசு நிறுவனங்கள், புதுச்சேரியில் அவற்றின் அலுவலகங்கள் இருக்கின்றன. போவதற்கு முன் அரசின் உமங் செயலியில் உங்கள் பெயரில் யுஏஎன் என்கிற பிஎஃப் எண் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்குத் தெரியாமலே பெயர் சேர்த்து, மூன்று மாதம் கட்டி, நிறுத்திய கதைகளையும் நான் பார்த்திருக்கிறேன். விளம்பரப் புகாரை மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கலாம், 1915 என்ற நுகர்வோர் எண்ணிலும் சொல்லலாம். வக்கீல் வைக்க வசதி இல்லை என்று நிற்காதீர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் கொடுக்கும், 15100-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

தனியாகப் போகாமல் கூட இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு போனால் நல்லது. ஒருவர் போனால் "இவன் ஒழுங்கா வேலை செய்யாதவன்" என்று கதை கட்டுவார்கள். மூன்று பேர் போனால் அந்தக் கதை எடுபடாது. முக்கியமாக ஓட்டுநர்களைக் கேளுங்கள். அவர்களுக்கு உங்களைவிட அதிகமாகச் சொல்ல இருக்கும்.

சர்டிஃபிகேட்டுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஏழு நாளில் திருப்பித் தரவும் என்று கேட்டு, ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கல்விச் சான்றிதழை அடகுப் பொருள் மாதிரி பிடித்து வைக்க எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது. பதில் இல்லையென்றால் அந்த ரசீதோடு போலீஸுக்குப் போகலாம். இத்தனை வருடம் வேலை பார்ப்பேன் என்று பாண்டில் கையெழுத்துப் போட்டதாக நீங்கள் எழுதவில்லை. போட்டிருந்தால் சொல்லுங்கள், எல்லா பாண்டும் செல்லாது என்று சொல்லிவிட முடியாது, படித்துப் பார்க்க வேண்டும்.

இத்தனையும் எழுதிய பிறகு முதலாளிகள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். வண்டி வாங்கிய கடன், ஆஸ்பத்திரியிலிருந்து தாமதமாக வரும் பில், கேஸ் அனுப்புகிறவருக்குக் கமிஷன் என்று அவர்களும் திணறுகிறார்கள். அதில் பணம் போகிற இடம்தான் தப்பு. அவசரத்தில் போன் செய்யும் குடும்பம் ஒரு நிமிடத்தில் முடிவு செய்கிறது. அவர்கள் கண்ணுக்குத் தெரிவது பளபளக்கும் ஸ்டிக்கரும் விளக்கும் யூனிஃபார்மும். ஓட்டுநர் கடைசியாக எப்போது தூங்கினார் என்பது கண்ணுக்குத் தெரியாது. தெரிகிற இடத்தில் செலவு செய்து, தெரியாத இடத்தில் மிச்சம் பிடிக்கிறார்கள். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: வண்டி கூப்பிடும்போது வென்டிலேட்டர் இருக்கிறதா என்று கேட்பதோடு, "டிரைவர் எப்ப டியூட்டிக்கு வந்தாரு?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். நான்கு பேர் கேட்டால் ஐந்தாவது நாள் கம்பெனி அதற்கு ஒரு பதில் தயார் செய்யும்.

நோயாளிகளைக் கைவிட்டதாக ஆகுமோ என்று கேட்டிருந்தீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, ஊர் முழுக்கத் தண்ணீர் நின்றபோதும் நீங்கள் வண்டியில்தான் இருந்திருப்பீர்கள். அந்தக் கையும் படிப்பும் உங்களோடு வரும். இந்தக் கம்பெனியை விட்டால் இந்த வேலையை விட்டதாக ஆகாது. ஆதாரம் எல்லாம் சேர்ந்து, மனுவும் கொடுத்த பிறகு, வேறு இடம் கிடைத்தால் போங்கள். எழுத்தில் ராஜினாமா கொடுங்கள். வேலையை விட்ட இரண்டு வேலை நாளுக்குள் பாக்கி முழுவதையும் அவர்கள் தீர்க்க வேண்டும் என்பதும் சட்டம்தான். அதற்கிடையில் 24 மணி நேரம் முடிந்த பிறகும் மாற்று ஆள் வரவில்லை என்றால், "என்னால் பாதுகாப்பாக நோயாளியைப் பார்க்க முடியாத நிலை" என்று குரூப்பில் எழுத்தில் சொல்லுங்கள். ஓட்டுநருக்காகவும் சேர்த்துச் சொல்லுங்கள். அன்று என் அம்மாவின் வண்டியில் அந்தப் பையன் கத்திக்கொண்டே வந்தது அதற்காகத்தான்.

அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் தம்பி. சம்பளம் வராததற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டிய அவசியம் இல்லை. அவர் பெருமைப்படுவதிலும் தப்பில்லை, அந்தப் படத்தில் இருப்பவர் நிஜமாகவே உயிர்களைக் காப்பாற்றுகிறவர்தான். சொல்லிவிட்டு, பீரோவில் இருக்கும் அந்த நோட்டீஸை மட்டும் கொஞ்ச நாளைக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அசல் வேண்டும். வேலை முடிந்ததும் மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.